தனித்தொகுதியா, தனி இடாப்பா?

சம்மாந்துறைக் காக்காவுக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும்,

'செபரேட் எலெக்டரேட்' என்பதற்குத் தமிழில் தனித்தொகுதி என்று எழுத வேண்டாம் என்றதற்கு, "தனித்தொகுதி பழகின சொல், அதை ஏன் கலைக்கிறீங்க?" என்று நேற்று கேட்டிருந்தீர்கள். பழகினதுதான் வினை. போன கிழமை கல்முனையில் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: "தனித்தொகுதியை எதிர்த்துக் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தத்தில் தனித்தொகுதி கிடைத்தது." சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தேன், எதைச் சுழிப்பது?

1932இல் காந்தி எதிர்த்தது, சில இடங்களுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பார் மட்டுமே வாக்களிக்கும் ஏற்பாட்டை. பூனாவில் கிடைத்தது, எல்லாரும் வாக்களித்து அவர்களில் ஒருவரை அனுப்புவது. தமிழ்நாட்டார் இன்று தனித்தொகுதி என்பது இந்த இரண்டாவதைத்தான்.

பிரித்தானிய இந்தியாவில் 1909 மிண்டோ-மோர்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குக் கொடுத்ததோ முதலாவது. இங்கே இலங்கையில் எலெக்டரேட் என்றால் நமக்குத் தொகுதி. அந்தச் சட்டத்தில் அது வாக்காளர் திரள். பிரிபட்டது நிலமல்ல, ஆட்கள். மற்ற மதத்தாரின் வாசலில் போய் வாக்குக் கேட்கத் தேவையே இல்லாத வேட்பாளர் அவர்களைப் பற்றி எப்படிப் பேசுவார்? 1945-46 தேர்தலில் மத்திய சட்டசபையின் முஸ்லிம் இடங்கள் 30ஐயும் முஸ்லிம் லீக் அள்ளியது. பிரிவினைக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. 1937இல் ஐக்கிய மாகாணத்தில் காங்கிரசும் லீக்கும் நடத்திய மந்திரிசபைப் பேச்சு முறிந்தது, 1946இல் பிரித்தானிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டம் கைநழுவியது, எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் முஸ்லிம்களுக்காகப் பேரம் பேச யார் உட்காருவது என்ற கேள்வி அந்த 30 இடங்களோடு அநேகமாக முடிந்துபோனது.

ஆகவே "தனி இடாப்பு முறை" என்கிறேன். இடாப்பு என்றால் வாக்காளர் பெயர்ப் பதிவேடு. வாக்களிப்பு நிலையத்தில் பெயரை உரத்து வாசித்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறுகிறார்களே, அந்த இடாப்பு. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தபோதும் கதிரை இரண்டு, இடாப்பு ஒன்றுதான். "தனிப்பட்டியல்" வேண்டாம், பட்டியல் சாதி நினைவுக்கு வந்து மறுபடி பூனாவில் போய் நிற்போம். எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் முறைக்கு எதிர்ச்சொல் "கூட்டு இடாப்பு".

---

தம்பி,

பூனாவைக் காட்டி வாயை அடைச்சிட்டீங்க. இடாப்பு என்றால் சென்னைக்காரர் அகராதி தேடுவார்கள். தேடட்டும், அவங்கட சொல்லை நாம தேடாததா? "கூட்டு" மட்டும் வேணாம், நம்ம பக்கம் கூட்டு என்றால் கட்சிதான் காதில் விழும். "பொது இடாப்பு" என்று போடுங்க.