மறுமொழி: எஞ்சின் டியூனிங்குக்குப் 'பண்ணல்' சரிவருமா?

வணக்கம். எஞ்சின் டியூனிங் (எஞ்சினை ஆளும் கணினியின் எண்களை வண்டிக்கேற்பத் திருத்தும் வேலை) சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ப் பட்டியலையும், டியூனிங்குக்கு நான் சொன்ன 'பண்ணல்' பற்றிய கேள்விகளையும் பற்றித்தான் இந்தப் பதில்.

> மேப் = வரைபடம்
> மேப் சென்சார் = வரைபட உணரி

ஐயா, இரண்டாவதை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒலிதான் ஒன்று. மேப் சென்சாரில் உள்ள 'மேப்' ஆங்கிலத்தில் மூன்று சொற்களின் முதலெழுத்து. எஞ்சின் காற்றை இழுக்கும் குழலுக்குள் எவ்வளவு அழுத்தம் என்று அளக்கிற கருவி அது. 'உள்ளிழுப்பு அழுத்த உணரி' போதும். நம் பட்டியலை நம்பி எவனாவது காருக்குள் ஜிபிஎஸ் தேடப் போகிறான்.

முதலாவதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த 'மேப்' எஞ்சின் கணினிக்குள் நாம் திருத்தும் எண் தொகுப்பு. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் பார்க்கிற வேலையை வைத்துச் சொல்கிறேன். மலேசியாவின் புரோட்டான் வீரா காருக்குள் மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சின். (வீராவே அந்தத் தலைமுறை லான்சரிலிருந்து பிறந்த வண்டி என்பதால் எஞ்சின் சண்டை போடாமல் உட்காரும். ஹாஃப்கட், அதாவது பழைய காரைப் பாதியாக வெட்டி எஞ்சினோடு விற்கும் கடைகளுக்கு நல்ல காலம்.) எஞ்சினோடு வந்த கணினியே ஓட்டும். ஆனால் பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், வேறு டர்போ என்று ஆசை வளர்ந்ததும் அதன் கணக்கு தப்பிவிடும். அப்போதுதான் ஹால்டெக், மெகாஸ்குவர்ட் மாதிரி நாமே எண்களைத் திருத்தக்கூடிய கணினி ஒன்றை வாங்கி வயர் இழுக்கிறோம்.

இப்போது மடிக்கணினியைத் திறந்தால் தெரிவது வரைபடம் இல்லை, கட்டம் கட்டமாக எண்கள். ஒரு பக்கம் எஞ்சின் சுழற்சி, இன்னொரு பக்கம் உள்ளிழுப்பு அழுத்தம். 2500 சுழற்சி, 60 கிலோபாஸ்கல் என்று வண்டி ஓடும்போது அந்தக் கட்டம் மின்னும். அதில் பெட்ரோல் அளவுக்கு 50 என்று இருக்கிறது, லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; சரியான கலவைக்கு 1.00, பெட்ரோல் குறைந்தால் அதற்கு மேல்) 1.00 வேண்டிய இடத்தில் புகைக்குழாய் உணரி 1.10 காட்டுகிறது என்றால் பெட்ரோலைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டும். 50-ஐ 55 ஆக்குகிறோம். அப்புறம் பக்கத்துக் கட்டம். டர்போ ஊதத் தொடங்கி அழுத்தம் 100-ஐத் தாண்டினால் 1.00 ஆகாது, அதைவிடக் குறைவாக, பெட்ரோல் கூடுதலாக வைக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் உருகும். ஆகவே 'எரிபொருள் அட்டவணை', 'தீப்பொறி அட்டவணை'. உள்ளே இருப்பது 'கட்டம்'. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

> டியூனிங் = ஒத்திசைவு

இது ஆகாது. ஒத்திசைவுக்கு இந்த வேலையிலேயே வேறு இடம் இருக்கிறது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று எஞ்சினும் கணினியும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும். தீப்பொறி நேரத்தைக் கணினியில் 10 பாகையில் பூட்டிவிட்டு, தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்க் முனையிலுள்ள புல்லியில் அடித்து, அங்கேயும் 10 தெரிகிறதா என்று பார்ப்போம். தெரியாவிட்டால் அட்டவணையில் எதைத் தொட்டாலும் வீண். ஒத்திசைவு முதலில், டியூனிங் பிறகு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் சொல்லிக் கொடுக்கவே முடியாது.

> 'என்ன செய்கிறாய்?' 'பண்ணல் பண்ணுகிறேன்.' சிரிக்க மாட்டார்களா?

சிரிக்கட்டும் அக்கா. இப்போதும் 'டியூனிங் பண்றேன்' என்றுதானே சொல்கிறோம்? டியூனிங்கைக் கழற்றினால் மிச்சம் அதுதான். யாழ் நரம்பைப் பாடவேண்டிய பண்ணுக்கேற்ப முறுக்கி வைப்பது பண்ணல். சிலப்பதிகாரக் கானல்வரியில் இசைக்கரணம் எட்டில் முதலாவது. அடுத்தது பரிவட்டணை, அதற்கடுத்தது ஆராய்தல். தேரையும் குதிரையையும் புறப்பாட்டுக்கு ஆயத்தம் செய்வதற்கும் பழைய பாடல்களில் 'பண்ணுதல்' வருகிறது. இசைக்கருவி, வண்டி இரண்டுக்கும் பொருந்தும் சொல் வீட்டிலேயே கிடக்கும்போது டியூனிங்குக்கு 'இசைவாக்கம்' எதற்கு? அது உயிரியல் பாடத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மலாய்க்காரர்களும் கித்தாருக்கும் எஞ்சினுக்கும் 'தாலா' என்ற ஒன்றையே புழங்குகிறார்கள், யாரும் குழம்பவில்லை. முழுச்சொல் 'எஞ்சின் பண்ணல்', ஆள் 'பண்ணுநர்'. எஞ்சினைச் செய்கிறவர் என்று யாராவது நினைப்பார்கள் என்பது நியாயமான பயம்தான். இரண்டு வாரம் புழங்கிப் பார்க்கலாமே.

பழைய கணினியின் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும் ஸ்டேண்டலோனுக்குத் 'தனித்தியங்கு கணினி', சரி. பழையதோடு சேர்த்து மாட்டும் பிக்கிபேக்குக்குத் 'துணைக் கணினி' என்பதில்தான் உயிரே இல்லை. அந்தப் பெட்டி பழைய கணினியைக் கழற்றுவதில்லை. உணரியிலிருந்து வரும் செய்தியை வழியில் பிடித்து, மாற்றிச் சொல்லி, பழையதையே நடக்க வைக்கிறது. முதுகில் ஏறிக்கொண்டு 'இப்படிப் போ' என்பதற்கு நம் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் உப்புமூட்டை. 'உப்புமூட்டைக் கணினி' என்று போடுங்கள். அதற்கும் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

எஞ்சின் ஸ்வாப்புக்கு 'எஞ்சின் மாற்றம்' போதும். புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனாலும் மலாயில் 'துக்கார் எஞ்சின்' (எஞ்சின் மாற்று) என்றுதான் பேச்சு. ஹாஃப்கட்டை அப்படியே விட்டுவிடலாம். 'அரைவெட்டு' என்றால் கடைக்காரர் பாதி விலையா என்று கேட்பார்.

'நாக்கிங்'குக்கு (எஞ்சினுக்குள் பெட்ரோல் கலவை முறை தப்பி வெடித்துத் தட்டுவது) 'இடிப்பு' என்று எழுதியவர், அந்தச் சத்தத்தை ஒருமுறை ஹெட்போனில் கேட்டுவிட்டு வரட்டும். அதைத் தனி இழையில் பேசலாம்.