முதல் சர்வதேச கோல் ராஜ்கோட் கணக்கில் சேருமா?

கோல்கம்பம்:
வில்லியம் கென்யன்-ஸ்லேனி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1847-இல் ராஜ்கோட்டில் பிறந்தவர். 1873 மார்ச் 8, லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஆட்டம். தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டார். அதற்கு முந்தைய வருடம் கிளாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் 0-0. ஆக, அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்தின் முதல் கோலே நம் மண்ணில் பிறந்தவருடையது!

மூன்றாம்வகுப்பு:
நம் மண்ணா? அவருடைய அப்பா பம்பாய்க் குதிரைப்படையில் அதிகாரி. பிள்ளை படித்தது பணக்காரப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளியில், பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, பிறகு கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவு. ராஜ்கோட்டுக்கும் அந்தக் கோலுக்கும் பிறப்புச் சான்றிதழைத் தவிர என்ன சம்பந்தம்?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அதே ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் முதல் கோலை அடித்த ஹென்றி ரென்னி-டெயில்யர் பிறந்தது முசோரியில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான ராயல் எஞ்சினியர்ஸில் அதிகாரி. இரண்டு அணிக்கும் முதல் கோல் இந்தியாவில் பிறந்தவர்களுடையது என்றால் அது நம் பெருமையா? வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்கள் அன்று எங்கெல்லாம் கிடந்தன என்பதைத்தான் அது காட்டுகிறது.

கோல்கம்பம்:
முசோரி விஷயம் எனக்குத் தெரியாது, அது அருமை. ஆனால் பந்தடித்ததை விட்டுவிட்டு ஜாதகம் பார்க்கிறீர்களே? ஸ்காட்லாந்து 2-2 என்று சமன் செய்த பிறகு, மறுபடி இங்கிலாந்தை முன்னுக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். கடைசியில் 4-2.

மூன்றாம்வகுப்பு:
ஆடத் தெரியாதவர் என்று நான் சொல்லவே இல்லை. யாருக்கு ஆட முடிந்தது என்றுதான் கேட்கிறேன். அந்த ஸ்காட்லாந்து அணியைப் பாருங்கள். ரயில் கட்டணத்துக்குப் பணம் போதாமல் எட்டுப் பேரைத்தான் அனுப்ப முடிந்தது. மீதி மூன்று இடத்தை இங்கிலாந்திலேயே இருந்தவர்களை வைத்து நிரப்பினார்கள்: பிரபு குடும்பத்து ஆர்தர் கின்னேர்ட், ராயல் எஞ்சினியர்ஸைச் சேர்ந்த ரென்னி-டெயில்யர், பிளாக்பர்ன். மூவரில் இருவர் ராணுவ அதிகாரிகள்! பயிற்சிக்கு நேரம், சம்பளம் வெட்டுப்படாத விடுப்பு, பக்கத்திலேயே மைதானம். ஆலைத் தொழிலாளிக்கு இதில் ஒன்றாவது இருந்ததா?

பழையபந்து:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். "முதல் கோல்" என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. 1870 மார்ச்சிலேயே ஓவலில் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து என்ற பெயரில் ஆடினார்கள், 1-1. ஸ்காட்லாந்துக்கு ராபர்ட் கிராஃபோர்ட் முதலில் அடித்தார். அந்த அணியை லண்டன் வட்டாரத்தில் கிடைத்தவர்களை வைத்தே அமைத்ததால் அது கணக்கில் வரவில்லை. அப்படியானால் 1873-லும் மூன்று பேர் அப்படித்தானே சேர்ந்தார்கள்?

கோல்கம்பம்:
ஐயா, மூன்றும் பதினொன்றும் ஒன்றா? 1873 அணியை ஸ்காட்லாந்துக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள், எட்டுப் பேர் வடக்கிலிருந்து வந்தார்கள். எல்லைக்கோட்டை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்.

மூன்றாம்வகுப்பு, ராணுவம் என்றால் வெறும் வசதிதானா? 1872-இல் நடந்த, இங்கிலாந்துக் கிளப்புகளின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ராயல் எஞ்சினியர்ஸ் அணியின் கிரெஸ்வெல்லுக்குத் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. மனிதர் வெளியேறாமல் கடைசிவரை களத்தில் நின்றார். எஞ்சினியர்ஸ் 1-0 என்று தோற்றாலும், பந்தைக் கடத்தி ஆடும் முறைக்கு இன்றும் அவர்கள் பெயரைத்தானே சொல்கிறோம்?

மூன்றாம்வகுப்பு:
அந்தப் பெருமை தங்களுடையது என்று கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க் கிளப் ரசிகர்கள் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன். கிரெஸ்வெல்லுக்குத் தலைவணங்குகிறேன், அதில் மறுப்பில்லை.

ஆனால் கென்யன்-ஸ்லேனி தன்னைக் கால்பந்து வீரர் என்று நினைத்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். இங்கிலாந்துக்கு ஆடியது அந்த ஒரே ஆட்டம். அதே மாதம் வாண்டரர்ஸ் அணியோடு எஃப்.ஏ. கோப்பை. அப்புறம் 1875, 1876 இறுதி ஆட்டங்களில் ஈட்டன் முன்னாள் மாணவர்களின் ஓல்ட் ஈடோனியன்ஸ் அணியின் பக்கம் நின்று இரண்டிலும் தோல்வி. 1882-இல் எகிப்தில் டெல் எல்-கெபீர் போர். 1886 முதல் 1908-இல் இறக்கும்வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1902 கல்விச் சட்டத்தில், சர்ச் பள்ளிகளின் மதபோதனை பாதிரியார் ஒருவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது, நிர்வாகக் குழுவின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற பிரிவுக்கு அவர் பெயரே நிலைத்தது. அந்தக் காலத்தில் அவரை அறிந்த பலருக்கும் அவர் கர்னல், அரசியல்வாதி. அந்தக் கோலைப் பெரிதாக்கியது பின்னால் வந்த நாம்தான்.

கோல்கம்பம்:
பின்னால் பெரிதானால் என்ன, கோல் கோல்தானே! சரி, "நம் மண்ணில் பிறந்தவர்" என்பதை மட்டும் எடுத்துவிடுகிறேன். "ராஜ்கோட்டில் பிறந்த ஆங்கிலேய அதிகாரி" என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

மூன்றாம்வகுப்பு:
ஒப்புக்கொள்கிறேன். முசோரிக்காரருக்குத் தனி இழை போடுங்கள். ஸ்காட்லாந்துக்குக் கால்பந்தும் ரக்பியும் ஆடிய ஒரே ஆள் அவர்தான். 1875-இல் எஞ்சினியர்ஸ் அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது யாரைத் தோற்கடித்து என்று பாருங்கள். உங்கள் ராஜ்கோட்காரரின் ஓல்ட் ஈடோனியன்ஸைத்தான்.