புதுப்பிப்பு: அண்ணனின் உதவித்தொகை மேல்முறையீடு

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுத்துவிட்டார்கள் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து இங்கே எழுதியிருந்தேனே, மேல்முறையீட்டில் கிடைத்துவிட்டது! எல்லோருக்கும் நன்றி. "நோயின் பெயர் போதாது, என்னென்ன வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதணும்" என்று அதற்குப் பதிலில் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. முதல் அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது. இந்த முறை சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை, பத்து நிமிடம் நின்றால் கால் நடுங்குகிறது என்று விவரமாக எழுதி வாங்கி, மறுப்புக் கடிதத்தின் நகலோடு 90 நாள் கெடுவுக்குள், உதவித்தொகை மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினோம். விண்ணப்பித்த நாளிலிருந்து பாக்கியும் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: கிடைத்தது தற்காலிக உதவி, 12 மாதத்தில் நின்றுவிடும், அப்புறம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். குறைபாடு 12 மாதத்துக்கு மேல் நீடிக்கும் என்றால்தான் நிரந்தர உதவி. அதையும் டாக்டரிடம் மறக்காமல் எழுதி வாங்குங்கள்.