வீடியோ பார்த்தால் புரிகிறது, தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை

கேள்வி:
கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. பைத்தான் நிரல்மொழியில் இரண்டு கோர்ஸ் முடித்துவிட்டேன். வீடியோவைப் பார்த்து அடிக்கும்போது எல்லாம் ஓடுகிறது. மூடிவிட்டு நானாக எழுதினால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. எரர் வந்தால் அப்படியே ஏஐயிடம் கொடுத்துவிடுகிறேன். விடுதியில் பசங்க ஜாவாவுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. ஒரே ஒரு தப்பை அடிவரை துரத்திப் பார்.

என் முதல் வேலை பில்லிங் மென்பொருள். பொருள் பெயரை 15 எழுத்தில் வெட்டி அச்சடிக்க வேண்டும். ஒரு மளிகைக்கடைக்காரர் போன் பண்ணினார்: "எண்ணெய்க்குப் புள்ளி எங்கே சார்?" பில்லில் 'தேங்காய் எண்ணெய' என்று இருந்தது. 15ஐ 16 ஆக்கினேன், சரியாகிவிட்டது. மறுநாள் வேறொரு பொருளின் வால் போனது.

அப்புறம்தான் அந்தப் பெயரை ஒவ்வொரு துண்டாக அச்சடித்துப் பார்த்தேன். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் வைக்கும் யூனிகோடு முறைக்கோ, இடைவெளியையும் சேர்த்து 16 துண்டு. புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. நான் வெட்டியது எழுத்தை அல்ல, எழுத்தின் பாதியை! அந்த ஒரு சாயங்காலம் கற்றது எந்தப் பாடத்திலும் கிடைக்கவில்லை.

எரர் வந்தால் ஏஐயிடம் போவதற்கு முன் அரைமணி நேரம் நீயே பார். பைத்தானில் கடைசி வரியை முதலில் படி: என்ன தப்பு என்று அங்கே இருக்கும். எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்பது அதற்கு மேலே.

இன்றைக்கு ஒரு வேலை: 'தமிழ்' என்ற சொல்லைத் தலைகீழாகத் திருப்பு.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியையும் இன்றே தொடங்கிவிடு. கமிட் செய்யும்போது, அதாவது ஒரு மாற்றத்தை அதில் பதியும்போது, 'மாற்றினேன்' என்று எழுதாதே, ஏன் மாற்றினாய் என்று எழுது. ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கப்போவது நீதான்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன் அண்ணா. நீளம் 5 என்கிறது! திருப்பினால் புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்கிறது. 'ழ்மித' வரவேண்டும் அல்லவா?

பதில் 1:
ஆமாம், அதேதான். புள்ளியையும் துணைக்குறிகளையும் முந்தைய எழுத்தோடு சேர்த்துக் கட்டு, அப்புறம் திருப்பு. நிரலை நீயே எழுதி இங்கே போடு. அது ஓடினதும் 'ஸ்ரீ' கொடுத்துப் பார், மறுபடி உடையும். அப்போது வா, பேசுவோம்.