நேரலைத் தரவில் பி-அலை தாமதமாகப் பிடிபடுகிறது: உதவி தேவை

நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் பி-அலையைப் பிடித்து, பின்னால் வரும் வலுவான எஸ்-அலைக்கு முன் எச்சரிக்கும் சோதனை ஒன்று முட்டுக்கட்டையில் நிற்கிறது. ஸ்டெட் (STEAD) என்ற நில அதிர்வுப் பதிவுத் தொகுப்பில் பயிற்சி பெற்ற, இவ்வலைகளைக் கண்டறியும் ஈக்யூ-டிரான்ஸ்ஃபார்மர் (EQTransformer) என்ற ஆழ்கற்றல் மாதிரியை, சைஸ்பெஞ்ச் (SeisBench) என்ற மென்பொருள் வழியாக ஓட்டுகிறேன். பழைய பதிவை 60 விநாடிச் சாளரமாக (ஒரே துண்டாக) முழுதாகக் கொடுத்தால் பி-அலையின் தொடக்கத்தைக் கச்சிதமாகக் குறிக்கிறது. அதே பதிவை நேரலை போலச் சிறிது சிறிதாக ஊட்டினால், எஸ்-அலை வந்து சேரும்வரை அது தரும் பி-அலை நிகழ்தகவு 0.1-ஐத் தாண்ட மறுக்கிறது. 30 கி.மீ. தொலைவில் இரண்டுக்கும் இடைவெளியே சுமார் 4 விநாடிதான்; அதையும் பறிகொடுத்தால் எச்சரிக்கை எதற்கு?

சென்ற மாதம் நேரலைக்கு மாறியதிலிருந்து இதே தொல்லை. பதிவின் மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை அளவீடு என்பது) 100 ஹெர்ட்ஸ்தான், சரிபார்த்துவிட்டேன். சாளரத்தை அரை விநாடிக்கு ஒருமுறை நகர்த்தினேன். இருதிசை வடிகட்டி பின்னால் வரும் அதிர்வை முன்னே கசியவிடும் என்பதால் ஒருதிசை வடிகட்டிக்கு மாறினேன். பயனில்லை. எச்சரிக்கைக்கான நிகழ்தகவு வரம்பைக் குறைத்தாலோ, சாலையோரக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் உணரிக்கு ஒவ்வொரு லாரியும் நிலநடுக்கமாகிவிடுகிறது! குறுகிய நேர, நீண்ட நேர அதிர்வுச் சராசரிகளை ஒப்பிடும் எஸ்டிஏ/எல்டிஏ (STA/LTA) முறையை முன்னால் வைத்ததில் லாரிகள் அடங்கின, தாமதம் அடங்கவில்லை.

பி-அலை தொடங்கி 1 முதல் 3 விநாடிக்குள் முடியும்படி வெட்டிய சாளரங்களால் இதே மாதிரிக்கு மறுபயிற்சி அளித்தால் போதுமா, குறுஞ்சாளர மாதிரி ஒன்றைப் புதிதாகவே பயிற்றுவிக்க வேண்டுமா?