டேனியல் ஃப்ரீமன் வாழ்க்கைக் குறிப்பு: ஆவணமும் கதையும் ஒத்துப்போகவில்லை, உதவி தேவை

லிங்கன் தமிழாசிரியை கேட்கிறார்:

வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரில், வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் தாங்கள் நிற்கும் மண்ணின் வரலாற்றையும் தமிழில் படிக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்காக, பியாட்ரிஸ் ஊருக்கு அருகே பயிர் செய்து வாழ்ந்த டேனியல் ஃப்ரீமன் என்ற குடியேற்றக்கால விவசாயியைப் பற்றி நான்கு பக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1826இல் ஒஹையோவில் பிறந்தார், 1908இல் இறந்தார் என்பதுவரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் மூன்று இடங்களில் நிற்கிறேன்.

அவர் 1863 ஜனவரி 1 அன்று நிலம் பெற்றார் என்றே எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிலப் பட்டாவில் 1869 என்று இருக்கிறது. எதை எழுதுவது? இரண்டாவது, மத்திய அரசின் நிலப் பட்டாத் தரவுத்தளத்தில் பெயரைக் கொடுத்தால் ஒரே பெயரில் பலர் வந்து நிற்கிறார்கள். இவர்தான் என்று எப்படி உறுதி செய்வது? மூன்றாவது, குடியேறுவோருக்கு அரசு நிலம் தந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் மனு செய்தவர்களில் அவர்தான் நாட்டிலேயே முதல் ஆள் என்ற கதை. நள்ளிரவில் நில அலுவலகத்தைத் திறக்க வைத்தார் என்கிறார்கள். பிள்ளைகளிடம் உறுதியில்லாததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற நில அளவையர்:

அம்மா, முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே தாளில் இருக்கிறது. 1862 மே 20 அன்று அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் விண்ணப்பித்த அன்றே யாருக்கும் நிலத்தை உரிமையாக்கவில்லை. 160 ஏக்கர் வரை மனு செய்யலாம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். அதன்பின் ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது காட்டவேண்டும். இரண்டு சாட்சிகள் வந்து சத்தியம் செய்தபிறகுதான் பட்டா. ஃப்ரீமன் பிரவுன்வில் நில அலுவலகத்தில் மனு கொடுத்தது 1863 ஜனவரி 1, சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாள். ஐந்தாண்டு முடிந்து சாட்சி அளித்தது 1868 ஜனவரி 20. பட்டா வந்தது 1869 செப்டம்பர் 1. மூன்று தேதியும் சரிதான், மூன்றையும் எழுதுங்கள். பட்டாவில் அன்றைய அதிபர் கிரான்ட் பெயரைப் பார்த்து அவரே கையெழுத்திட்டார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதிபர் சார்பில் ஒரு செயலர் கையெழுத்திடுவதுதான் அக்கால வழக்கம்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள், நிலத்தை வைத்துத் தேடுங்கள். நம் ஊரில் புல எண்ணைப் பிடித்தால் உரிமையாளர் கிடைத்துவிடுவதைப் போன்றதுதான் இதுவும். இங்கே நிலத்தை ஓர் அடிப்படை நெடுக்குக் கோட்டிலிருந்து ரேஞ்ச் என்ற நெடுக்கு வரிசையாகவும் டவுன்ஷிப் என்ற குறுக்கு வரிசையாகவும் எண்ணுவார்கள். ஃப்ரீமனின் நிலம் ஆறாவது முதன்மைத் தீர்க்கரேகை என்ற அடிப்படைக் கோட்டுக்குக் கிழக்கே 5ஆம் ரேஞ்ச், வடக்கு 4ஆம் டவுன்ஷிப், 26ஆம் செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதைக் கால் காலாக வெட்டி, அந்தக் காலையும் மறுபடி நான்காக வெட்டினால் 40 ஏக்கர் துண்டு. அவர் எடுத்தது அப்படி நான்கு துண்டுகள்: வடமேற்குக் காலின் தெற்குப் பாதி (இரண்டு துண்டுகள்), அதே காலின் வடகிழக்குத் துண்டு, பக்கத்திலுள்ள வடகிழக்குக் காலின் தென்மேற்குத் துண்டு.

இதைப் படித்துவிட்டு விடாதீர்கள், கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். கீழ்வரிசையில் மூன்று சதுரங்கள், நடுச் சதுரத்தின் தலைமேல் ஒன்று. தலைகீழாக நிற்கும் ஆங்கில 'டி' எழுத்து. சதுரமாக 160 ஏக்கர் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அந்த நிலத்தினூடே கப் கிரீக் ஓடை போகிறது, ஓடைக்கரையில் மரம் இருக்கிறது. மரமே அரிதான புல்வெளியில் தண்ணீரும் விறகும் கிடைக்கும் இடத்தைப் பார்த்துத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றே நான் படிக்கிறேன். என்னைக் கேட்டால், அவர் எப்படிப்பட்ட விவசாயி என்று அறிய இந்த வரைபடம் ஒன்றே போதும். உங்கள் மாணவர்கள் கையால் வரையட்டும்.

காப்பக ஆய்வாளர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பட்டாவோடு நின்றுவிடாமல், மனு முதல் பட்டா வரையிலான தாள்கள் அடங்கிய நிலக் கோப்பைப் பாருங்கள். பட்டாவில் பெயரும் நிலமும்தான் இருக்கும். வாழ்க்கை கோப்பில்தான் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் ஃப்ரீமனின் கோப்பிலிருந்து சில தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

1868ஆம் ஆண்டுச் சாட்சித் தாளில் ஜோசப் கிராஃப், சாமுவேல் கில்பாட்ரிக் என்ற இருவர் சொல்வதைப் பாருங்கள்: வீடு பாதி மரக்கட்டை, பாதி பலகைச் சட்டம், 14க்கு 20 அடி, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு சன்னல், மர ஓட்டுக் கூரை, பலகைத் தரை. உழுது வேலியிட்டது சுமார் 35 ஏக்கர். ஒரு தொழுவம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளக் களஞ்சியம். நட்டது 40 ஆப்பிள் மரங்கள், ஏறக்குறைய 400 பீச் மரங்கள்.

160 ஏக்கரில் ஐந்தாண்டில் கலப்பை பட்டது 35 ஏக்கர்தான் என்பதைக் கவனியுங்கள். புல்வேர் பின்னிக் கிடக்கும் கன்னி நிலத்தை உடைப்பது எவ்வளவு பாடு என்பது அந்த ஓர் எண்ணில் தெரிகிறது.

'முதல் ஆள்' கதைக்கு வருகிறேன். அவருடைய விண்ணப்பம் எண் 1, சான்றிதழ் எண் 1, பதிவேட்டில் தொகுதி 1, பக்கம் 1. இது ஆவணம். ஆனால் அதே நாளில் வேறு அலுவலகங்களிலும் மனுக்கள் பதிவாயின. டகோட்டா பிரதேசத்தில் மஹ்லன் கோர் என்பவரும் அன்றே மனு செய்தவர். புத்தாண்டு நடனத்தில் நில அலுவலக ஊழியரைச் சந்தித்து, தான் உடனே படைக்குத் திரும்பவேண்டும் என்று கேட்டுக்கொண்டு நள்ளிரவு கழிந்ததும் பதிவு செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 'முதன்முதலாக மனு செய்தவர்களில் ஒருவர்' என்று எழுதுங்கள். நள்ளிரவுக் கதையையும் விடவேண்டாம், 'என்று சொல்வார்கள்' என்று சேர்த்தால் போதும்.

லிங்கன் தமிழாசிரியை:

ஐயா, தம்பி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 400 பீச் மரங்கள் என்ற வரியைப் படித்ததும் அந்த மனிதர் எனக்குக் கண்முன்னே வந்துவிட்டார். இப்போது குடும்பப் பகுதி. டேனியலின் மனைவி ஆக்னஸ் சூட்டர் முதலில் அவருடைய சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டவர், ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்தார், பிறகு டேனியல் அவருக்குக் கடிதம் எழுதி மணந்தார் என்கிறார்கள். சரிதானா? பிள்ளைகளின் கணக்கை எங்கே பார்ப்பது? ஃப்ரீமனின் நிலத்தில் இன்று இருக்கும் தேசிய வரலாற்றுப் பூங்காவில் நிற்கும் மரவீட்டின் படத்தை அவருடைய வீடு என்று போடலாமா?

காப்பக ஆய்வாளர்:

ஆக்னஸ் பற்றியது சரி, அக்கா. அயோவா மாநிலத்தின் லெக்ளேர் ஊரைச் சேர்ந்தவர், திருமணம் 1865இல். டேனியல் மனு செய்த நாளில் அவர் முதல் மனைவியை இழந்தவர். ஆகவே 'ஃப்ரீமன் தம்பதி 1863இல் நிலம் எடுத்தார்கள்' என்று எழுதமுடியாது. 1868 சாட்சித் தாளில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்று இருக்கிறது.

பிள்ளைகளுக்கு 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில்தான் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்ற பத்தி முதன்முதலாக வந்தது; 1870இல் பெயரும் வயதும் பார்த்து ஊகிக்கவேண்டும். 1885இல் நெப்ராஸ்கா தனியே எடுத்த கணக்கு பிழைத்திருக்கிறது. 1890 கணக்கு பெரும்பாலும் 1921 தீவிபத்தோடு போய்விட்டதால் அந்த இடைவெளிக்கு இதுதான் துணை. 1900இல், ஒரு தாய் எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்றே கேட்டிருக்கிறார்கள். வயல் விவரம் வேண்டுமானால் 1870, 1880 கணக்கெடுப்புகளின் வேளாண் பட்டியல்களைப் பாருங்கள்.

பியாட்ரிஸ் பக்கம் வசிப்பவர்:

படத்தைப் போடலாம், அவருடைய வீடு என்று போடாதீர்கள். அது பால்மர்-எப்பார்டு குடும்பங்களின் வீடு, 1867இல் கட்டியது. பின்னால் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஃப்ரீமன் நட்ட ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மர உயிர்வேலி மட்டும் அங்கே இருக்கிறது. டேனியல், ஆக்னஸ் இருவருடைய கல்லறைகளும் அந்த நிலத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் படமெடுங்கள்.

கான்சாஸ் வாசகர்:

ஒன்று விடுபடுகிறது, அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. 'வெறும் நிலம்' என்று எங்கேயும் எழுதாதீர்கள். அது ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1854 ஒப்பந்தத்தில் மிசூரி ஆற்றுக்கு மேற்கே இருந்த பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு சிறு ஒதுக்கு நிலத்துக்குள் ஒடுங்கினார்கள். அதாவது ஃப்ரீமன் ஆப்பிள் நட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர்கள் அவருக்குத் தெற்கே அதே மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1881இல் அங்கிருந்தும் பெயர்க்கப்பட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். ஒரு பத்தியாவது அவர்களுக்குக் கொடுங்கள்.

லிங்கன் தமிழாசிரியை:

கட்டாயம். ஒரு பத்தியல்ல, ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறேன். கடைசியாக ஒன்று: ஃப்ரீமன் பள்ளி வழக்கைச் சேர்க்கலாமா, பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்குமா?

ஓய்வுபெற்ற நில அளவையர்:

சேர்க்கவேண்டும் அம்மா. 1872இல் கட்டிய செங்கல் பள்ளி, அவர் நிலத்துக்குப் பக்கத்திலேயே. 1899இல் ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசித்து, பிரார்த்தனை நடத்தினார். அரசுப் பள்ளியில் அது கூடாது என்று ஃப்ரீமன் எழுந்தார். பள்ளிக் குழு ஆசிரியையின் பக்கம் நின்றது, மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார், அப்போதும் விடவில்லை. 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுபது வயதைக் கடந்த விவசாயி தன் ஊர்ப் பள்ளிக்காக வழக்காடியதைப் பத்து வயதுப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். பள்ளியின் பெயர் மட்டும் அவரால் வந்தது என்று எழுதாதீர்கள். தாமஸ் ஃப்ரீமன் என்ற வேறொருவரும் அந்த வட்டாரத்தில் இருந்தார்.