சுங்கான் சொற்றொகுதி: 31ஆவது சொல்லுக்கு ‘விமர்சனம்’ வேண்டாம்

அனுப்பியவர்: தொகுப்பாளர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள நண்பர்களே,

சுங்கான், அதாவது புகையிலை புகைக்கும் பைப், செய்யும் தொழிலுக்குத் தமிழ்ச் சொற்கள் தொகுக்கும் வேலையில் 30 சொற்கள் வரை பெரிய சண்டை இல்லாமல் வந்துவிட்டோம். கிண்ணம், காம்பு, வாய்க்குழல், புகைவழி எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்தன. ‘சுங்கான் என்பது கப்பலைத் திருப்புவது அல்லவா?’ என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டதுதான் இதுவரை வந்த தடங்கல். அது சுக்கான். பழைய அகராதிகளில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பது உண்மைதான். ஆனாலும் எங்கள் பாட்டன்மார் வாயில் வைத்திருந்ததற்குச் சுங்கான் என்றுதான் பெயர்.

31இல் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பொருளை நான் சொல்கிறேன், சொல்லை நீங்கள் தாருங்கள். ஒருவர் தம் கையால் ஒரு சுங்கான் செய்து, அதே தொழில் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுகிறார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது சரி, எது பிழை, ஏன் பிழை என்று சொல்கிறார். செய்தவர் அதை வாங்கிக்கொள்கிறார். சொல்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அடிபட்டவன் நான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பில்லியர்ட் செய்தேன். சுங்கான் வடிவங்களில் அதுதான் எளியது: நேரான காம்பு, நிமிர்ந்த கிண்ணம், கிண்ணத்தின் உயரமும் காம்பின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. எளியது என்பதாலேயே பிழையை ஒளிக்க இடமில்லை. மரம் பிரையர், அதாவது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு. அதைத் தோண்டி, அறுத்து, மணிக்கணக்காகக் கொதிநீரில் அவித்து, மாதக்கணக்கில் காயவைத்த பிறகுதான் விற்பார்கள். கட்டையின் விலையும் தபால் செலவும் எவ்வளவு என்று எங்கள் வீட்டில் இன்னும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.

படங்களை வெளிநாட்டிலுள்ள மூத்த கைவினைஞர் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். ஒன்பது குறிப்புகள் வந்தன. முதலாவது: சுங்கானைக் கழற்றாமல், வாய்க்குழலின் நுனியிலிருந்து துடைப்புக் கம்பியை விட்டுப் பார்க்கவும். பஞ்சு சுற்றிய அந்த மெல்லிய கம்பி கிண்ணம் வரை தடையில்லாமல் போக வேண்டும். என்னுடையது காம்பும் வாய்க்குழலும் சேருமிடத்தில் நின்றது. முறுக்கித் தள்ளினேன், கம்பி வளைந்தது. கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காம்புக்குள் செருகும் வாய்க்குழல் முளையிலுள்ள துளையும் காம்பின் துளையும் ஒரு மயிரிழை விலகி நிற்கின்றன. இரண்டாவது: புகைவழி கிண்ணத்தின் அடித்தளத்தில் திறக்காமல் 2 மில்லிமீட்டர் மேலே திறக்கிறது, அதற்குக் கீழே கிடக்கும் புகையிலை எரியாமல் ஈரம் பிடித்துக் கிடக்கும். கிண்ணத்துக்குள் மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தில் இதைக் கண்டிருக்கிறார். புகைத்தபோது அது கொறகொறவென்று சத்தமிட்டதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

உடனே மூன்று பந்தியில் பதில் எழுதினேன். துளைப்பான் அலகு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழையது, கடைசல் இயந்திரம் மொறட்டுவையில் ஒருவரிடம் இரவல், கட்டையே கோணல். எல்லாம் உண்மை. அவர் அதில் ஒன்றையும் தொடவில்லை. அடுத்த கட்டையைத் துளைக்கும் முன் வரைபடத்தை அனுப்பும்படி மட்டும் கேட்டார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘விமர்சனம்’ என்றதும் எனக்குப் பத்திரிகையின் முதல் பக்கம்தான் ஞாபகம் வருகிறது. அரசாங்கத்தை எதிர்க்கட்சி விமர்சிக்கும். அது ஆளின் மேல் போய் விழும் சொல். ‘திறனாய்வு’ இலக்கியக்காரர்களுடையது, மரத்தூளுக்கு நடுவில் நின்று அதைச் சொல்ல வாய் வராது. ‘பின்னூட்டம்’ வலைப்பதிவுக் காலத்தில் நன்றாக ஓடிய சொல், ஆனால் ‘அருமை, தொடருங்கள்’ என்பதும் பின்னூட்டம்தான். நான் விரட்ட நினைப்பதே அதைத்தான். ‘குறைகாணல்’ பாதிதான். எது சரியாக இருக்கிறது என்று சொல்லாவிட்டால், அடுத்த சுங்கானில் அதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம். ‘திருத்தம்’ கூடவே கூடாது. துளைத்த மரத்தைத் துளைக்காத மரமாக்க முடியாது.

என் முன்மொழிவு: நோட்டம். எங்கே, சண்டையைத் தொடங்குங்கள்.

*

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

தம்பி,

மூன்று பந்திப் பதிலை வாசித்துச் சிரித்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில் அப்படி ஒரு பதில் சொல்லாத மாணவனை நான் கண்டதில்லை.

ஆனால் நோட்டம் சரிவராது. கள்ளன் பகலில் வந்து வீட்டை நோட்டம் விட்டுப் போனான் என்கிறோம். அந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஒரு நல்ல காரியத்தின் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

எனக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்களில் வழங்கிய ‘சரவை பார்த்தல்’. எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்துப் பிழை சொல்வது. ‘ஒப்புநோக்குதல்’ வந்த பிறகு மங்கிப்போன சொல், தூசி தட்டி எடுக்கலாம். மற்றது ‘தடைவிடை’. பழைய காலத்தில் நூலை அரங்கேற்றும்போது அவையில் இருப்பவர் தடை சொல்லுவார், ஆசிரியர் விடை சொல்லி நிறுவ வேண்டும். நீங்கள் கேட்கும் இரண்டு பக்கமும் அதில் இருக்கின்றன.

எதை வைத்தாலும், வேர் நல்லது என்பதற்காகச் சொல் வாழ்ந்துவிடாது. ஒட்சிசனும் ஐதரசனும் இங்கே பாடநூலில் ஏறியதால் வாழ்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அது இரசாயனவியல்தான், அக்கரைத் தமிழ்நாட்டில் வேதியியல். யார் வாயில் ஏறும் என்பதைப் பார்த்து வையுங்கள்.

*

அனுப்பியவர்: நகைத் தொழில் குடும்பம், செட்டியார் தெரு

மாஸ்டர், அண்ணா, இருவருக்கும் வணக்கம்.

கள்ளன் அந்தச் சொல்லை இடையில் வந்து திருடியவன். அதற்கு முன்பே அது எங்களுடையது. நாணயம் நல்லதா கள்ளதா என்று பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர், இரத்தினத்துக்கும் அதே சொல். என் தாத்தாவிடம் பொன்னைக் கொண்டுவருபவர்கள் ‘ஐயா, ஒருக்கால் நோட்டம் பார்த்துத் தாருங்கள்’ என்றுதான் கேட்பார்களாம். உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார், பக்கத்தில் மாற்று, அதாவது தரம், தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு இழுப்பார், இரண்டையும் சரித்துப் பார்ப்பார். பார்த்து முடியும் வரை கொண்டுவந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார் என்று அம்மா சொல்லுவார். முகத்தைப் பார்த்தால் மாற்று கூடிவிடுமாம்.

ஆனால் அண்ணா, உங்கள் கட்சிக்கே ஒரு தடை சொல்கிறேன். நோட்டத்தில் கிடைப்பது தீர்ப்பு. இத்தனை மாற்று, அவ்வளவுதான். பொன் அதைக் கேட்டுத் திருந்துவதில்லை. கொண்டுவருபவரும் அதைச் செய்தவராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன ஒன்பது குறிப்பில் ‘ஏன்’ இருந்தது. தாத்தாவின் கல்லில் ‘ஏன்’ கிடையாது.

*

அனுப்பியவர்: மட்பாண்டக் கலைஞர், தெஹிவளை

‘கைநோட்டம்’ என்று வைத்தால் கள்ளனும் போவான், கைவினை என்பதும் தெரியும்.

*

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

கைநோட்டம் என்று பலகை போட்டால் காலி வீதியில் கைரேகை பார்க்க வரிசை நிற்கும்.

*

அனுப்பியவர்: தொகுப்பாளர், கொட்டாஞ்சேனை

மாஸ்டருக்கும் தங்கைக்கும் நன்றி. இரண்டு நாட்களாகப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே இதைத்தான் யோசித்தேன்.

சரவை எனக்குப் பிடித்த சொல். ஆனால் சரவை பார்த்த தாளை மறுபடி அச்சுக் கோக்கலாம். சுங்கானில் பெரும்பாலான பிழைகள் அந்தச் சுங்கானில் தீராதவை, அடுத்ததில்தான் தீரும். ஆகவே அதை எழுத்து வேலைக்கே விட்டுவிடுவோம்.

தடைவிடையைக் கண்டதும் முதலில் துள்ளினேன். பிறகுதான் உறைத்தது, நான் எழுதிய அந்த மூன்று பந்தியும் விடைதானே! அவையில் நூலாசிரியர் தன் நூலை நிலைநிறுத்தியாக வேண்டும். பட்டறையில் நிலைநிறுத்த ஒன்றுமில்லை. கம்பி போகிறதா, போகவில்லையா? போகாத கம்பிக்கு என்ன விடை சொன்னாலும் அது போகப்போவதில்லை.

தங்கை சொன்ன தடைதான் கடினமானது, ‘ஏன்’ இல்லாத நோட்டம். இதற்கு நான் பெயர்ச்சொல்லை விட்டு வினையைப் பிடிக்கிறேன். நோட்டம் ‘பார்த்தல்’ தாத்தாவுடையது. எங்களுடையது நோட்டம் ‘சொல்லுதல்’. சொல்ல வேண்டுமென்றால் காரணமும் சேர்ந்து வர வேண்டும், வராவிட்டால் அது வெறும் மாற்று. எதிர்ப்பக்கத்துக்கு ‘நோட்டம் கேட்டல்’. மாஸ்டருக்கு இது விளங்கும். குருவிடம் பாடம் கேட்டல் என்கிறோம். தமிழில் கேள்வி கேட்பதும் கேட்டல், காதால் கேட்பதும் கேட்டல். நான் அன்றைக்கு முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யவில்லை. ஒரே வினையில் இரண்டும் இருக்கும்போது வேறு சொல்லைத் தேடிப் போவானேன்?

முகத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்ப்பது என்ற தாத்தாவின் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. சுங்கான் செய்பவர்களில் பெரிய பெயர், சுவீடனில் பிறந்து கோபன்ஹேகனில் தொழில் செய்த சிக்ஸ்டன் இவார்சன் (1910–2001). அவர் தொடங்கியது பழுதுபார்ப்பதில். மற்றவர்கள் செய்த சுங்கான்கள் எங்கே வெடிக்கின்றன, எங்கே அடைக்கின்றன என்று கையில் எடுத்துப் பார்த்துத்தான் அவர் தம் வடிவங்களுக்கு வந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். உடைந்து வந்த சுங்கானைச் செய்தவர் அங்கே கூட நிற்பதில்லை, முகம் பார்க்க வழியே இல்லை. இதை அகராதிப் பதிவில் போட முடியாது, உங்களுக்காகச் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்துச் சொல்வதும் கையில் வைத்துச் சொல்வதும் ஒன்றல்ல என்பதையும் பதிவில் சேர்க்கிறேன். படத்தில் நரம்போட்டம் தெரியும், காம்பின் மேல்கோடு வாய்க்குழலில் தொடர்கிறதா என்று தெரியும். பல்லுக்கு இடையில் அந்தக் குழல் எவ்வளவு தடிப்பு, தாடை எவ்வளவு நேரத்தில் களைக்கும் என்று தெரியாது. வாய்க்குழல் செய்யும் எபொனைட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் உள்ள வேறுபாடு பல்லுக்குத்தான் தெரியும். எபொனைட் கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர், சற்றே இணங்கிக் கொடுக்கும், அக்ரிலிக் கொடுக்காது.

பதிவு இப்படி நிற்கட்டும்:

நோட்டம் (பெயர்): செய்து முடித்த கைவினைப் பொருளை அதே தொழில் அறிந்தவர் ஆராய்ந்து, அதன் நிறைகுறைகளைக் காரணத்தோடு செய்தவருக்குச் சொல்வது. நோட்டம் சொல்லுதல், நோட்டம் கேட்டல். சொல்பவர் படத்தைப் பார்த்தாரா, பொருளைக் கையில் எடுத்தாரா என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். ‘நோட்டம் விடுதல்’ வேறு, அது பொலிசாருக்கு.

மாஸ்டர் இதற்கும் தடை சொல்வதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். நான் இந்த முறை விடை எழுத மாட்டேன்.

அடுத்தது 32: வாய்க்குழலின் நுனியில், பல்லின் பின்புறம் மாட்டிக்கொண்டு குழல் நழுவாமல் தடுக்கும் சிறு மேடு. யாரோ ஏற்கெனவே ‘உதடு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறீர்கள். உதடு நம்முடையது, அதற்கு வெளியே இருக்கிறது. அழித்துவிட்டேன்.